குமார பர்வதத்துக்கு நான் தூக்கிப் போன பை

1

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலரில் 'கடல் கடந்து வாழ்கிறவர்கள்' பகுதிக்கு எழுதித் தர வேண்டும் என்று வகுப்புத் தோழி சுகந்தி போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, நான் எந்தக் கடலத் தாண்டுனேன்? பாளையங்கோட்டையில சாயங்காலம் பஸ் ஏறினா காலையில பெங்களூரு" என்றேன். அவள் விடவில்லை. "நீ பேசுற தமிழுக்குச் சிங்கப்பூர்க்காரி தமிழே மேல்னு இங்க எல்லாரும் சொல்லுதாங்க. சும்மா எழுது" என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்து முப்பது ஆண்டு ஆகப்போகிறது. ஊருக்கு வந்தால் மளிகைக் கடையில் கொஞ்சம் என்பதற்குப் பதில் "ஸ்வல்ப சீரகம் கொடுங்க" என்று கேட்டுவிடுவேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அப்போதுதான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது உறைக்கும். இங்கே திரும்பி வந்தால் "என்ன சொல்லுதீங்க" என்று வாயில் வந்து பள்ளிக்கூடத்து ஆயா சிரிப்பார். எந்தப் பக்கம் போனாலும் வேடிக்கைப் பொருள் நான்தான். என் வீட்டுக்காரர் செல்வராஜ் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய 'இன்னா'வும் 'கீது'வும் காதுக்குப் பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் நர்சரிப் பள்ளியில் டீச்சராகத்தான் இருக்கிறேன்.

என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஒரே மகள் பிரிசில்லா போன சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் ஏதோ மலைக்குப் போகிறார்களாம். "மா, நாம குமார பர்வதம் போனப்போ எண்ணெய், உப்பு எல்லாம் சின்னச் சின்ன டப்பால எடுத்துட்டுப் போனோமே, அது என்ன டப்பா?" என்று கேட்டாள். கேமரா பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா என்றேன். இப்போது யாரிடமும் பிலிம் கேமரா இல்லை, அந்த டப்பாவுக்கு எங்கே போவது என்று இரண்டு பேரும் அமெரிக்கக் காசில் கொஞ்ச நேரம் கவலைப்பட்டோம். போனை வைத்த பிறகு, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

பிரிசில்லா படிப்பு முடித்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த புதிதில் வாரக் கடைசியில் வீடு தங்க மாட்டாள். ஆபீஸ் கூட்டாளிகளோடு ஏதாவது ஒரு மலை. சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு இரவில்தான் வருவாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வருவது குறைந்தது. நான் தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் பாதி பதில் சொல்லி, மீதியைத் தோளைக் குலுக்கி முடித்துவிடுவாள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எங்களைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில், கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்புவது உறுதியானது. பிப்ரவரியில் புறப்பாடு. அதற்கு முன் ஒரு கடைசி மலை, குமார பர்வதம் என்றாள். சுப்ரமண்யா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, கர்நாடகத்தில் ஏறக் கடினமான மலைகளில் ஒன்று. "நானும் வாரேன்" என்றேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள். நான் பிடிவாதமாக நின்றேன். அவளோடு சேர்ந்து ஒரு மலை உச்சியில் நிற்க வேண்டும், அவள் எதற்காக எங்களை விட்டுவிட்டுப் போகிறாள் என்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அவள் போன பிறகு எப்போது சேர்ந்து எங்கே போவது?

மலையேறும் குழுவுக்குத் தலைவன் மஞ்சுநாத். பிரிசில்லாவோடு வேலை பார்க்கும் பையன், மல்லேஸ்வரத்துக்காரன். நம் தமிழ் நன்றாகவே பேசுவான். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கொக்கித் தராசோடு வீட்டுக்கு வந்தான். எல்லார் பையையும் நிறுத்துப் பார்ப்பது அவன் வழக்கமாம்.

நான் என் பையைத் தயாராக வைத்திருந்தேன். கோயில் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் வருஷா வருஷம் சுற்றுலா போகிறவள் நான், எனக்குக் கட்டத் தெரியாதா? நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் நிறையப் புளிச்சாதம். எட்டுப் பேருக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும். ஒரு ஜமுக்காளம். போர்வை இரண்டு. பெரிய வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம். தேங்காய் எண்ணெய் பாட்டில் முழுசாக. மஞ்சுநாத் கொக்கியை மாட்டித் தூக்கியபோது தராசின் முள் கடைசிவரை போய் நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, இது பேக் இல்ல, கல்யாண மண்டபம்" என்றான்.

"எட்டுப் பேர் போறோம்லா? பசிக்காதா?"

"பாதி வழியில ஒரு வீடு இருக்கு ஆன்ட்டி. சுடச்சுட சோறும் சாம்பாரும் போடுவாங்க. பிளேட் ஒண்ணும் பேடா, வேணாம்."

பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தான். எட்டுப் பேருக்கு ஒரு கத்தி போதும், ஒரு டார்ச் இரண்டு பேருக்கு. ஒருவர் கொண்டுவருவதை மற்றவர் கொண்டுவரக் கூடாது. எனக்கு இதுதான் புதுசு. எங்கள் சங்கத்தில் யார் எதைக் கொண்டுவருவது என்று முதல் நாளே பேசித்தான் வைப்போம். ஆனாலும் மறுநாள் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் பன்னிரண்டு பேர் கையிலும் புளிச்சாதம் இருக்கும். இன்னொருத்தி மறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருப்போம். இவர்கள் மறக்க மாட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் நம்பியே பையைப் பாதியாக்கியிருந்தார்கள்.

போர்வைக்குப் பதில் என் வீட்டுக்காரரின் லுங்கி. துவட்ட, போர்த்த, வெயிலுக்குத் தலையில் போட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. சோப்பில் கால் துண்டு. எண்ணெயும் உப்பும் மாத்திரையும் பிலிம் டப்பாவில். வேதாகமத்தை எடுத்து வெளியே வைக்க மஞ்சுநாத் தயங்கினான். நானே எடுத்து வைத்துவிட்டு, சட்டைப்பையில் கொள்ளும் புதிய ஏற்பாட்டைக் காட்டினேன். கனமான சாமான் முதுகை ஒட்டி மேலே இருக்க வேண்டும், இடுப்பு வாரை இறுக்கினால் தோளில் பாரம் தெரியாது என்று எனக்குக் கட்டிக் காட்டினான். கடைசியில் பை ஏழு கிலோ. கூடத்தில் இரண்டு சுற்று நடந்து பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

3

அந்த ஏழு கிலோவில் ரெக்ஸின் பை இல்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பழுப்பு நிறத்தில், ஜிப்பு வைத்த பை. அதில் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டீச்சர் டிரெய்னிங் சான்றிதழ், ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு, பிரிசில்லாவின் ஞானஸ்நான அட்டை முதல் பட்டம் வரை, இரண்டு வளையல், கொஞ்சம் போட்டோ, ஒரு ஜோடி செருப்பு. வெளியூரில் ஓர் இரவு தங்குவதென்றால் அது என்னோடு வந்துவிடும். ஊர்க் கல்யாணங்களுக்கு வந்திருக்கிறது. நான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்தது. வீட்டில் அதற்கு 'ரெண்டாவது பிள்ளை' என்று பெயர்.

தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் காவிரிக்காக இந்த ஊர் பற்றி எரிந்தபோது நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். சத்தம் தெருமுனைக்கு வந்ததும் பதின்மூன்று வயதுப் பிரிசில்லாவை இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். யாரோ ஒரு ஆட்டோக்காரர், கன்னடத்துக்காரர், எங்களைக் குனிந்து உட்காரச் சொல்லி மர்பி டவுனில் நாத்தனார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அவர் பெயர்கூடத் தெரியாது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக் கதவு இல்லை, பெட்டியில் இருந்த காகிதங்கள் சாக்கடையில் கிடந்தன.

எங்களைவிட எவ்வளவோ இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அலைந்த அலைச்சல் இருக்கிறதே. ரேஷன் கார்டு நகல் வேண்டும் என்றால் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். முகவரிக்கு அத்தாட்சி என்ன என்று கேட்டால் ரேஷன் கார்டு என்றார்கள். ஒரு ஜன்னலில் கன்னடத்தில் எழுதி வா என்பார், எழுதிப் போனால் அந்த ஜன்னல் மூடியிருக்கும். நான் படித்தவள்தான், டீச்சர்தான் என்று நிரூபிக்கத் திருநெல்வேலிக்கும் பெங்களூருக்குமாக ஒன்றரை வருஷம் நடந்தேன். கடைசிக் காகிதம் கைக்கு வந்த அன்று வாங்கியதுதான் அந்த ரெக்ஸின் பை.

வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகலாமே என்பீர்கள். அவர் அன்றைக்கும் ஷிப்டில்தான் இருந்தார், மலையேறப் போன வாரமும் ஷிப்டில்தான் இருந்தார். புறப்படும் நேரத்தில் நான் ரெக்ஸின் பையை முதுகுப் பையின் அடியில் திணிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இத்த இன்னாத்துக்கு மலைக்குத் தூக்கினு போற?"

"இருக்கட்டும்."

"வழியில உன்னை யாரு ரேஷன் கார்டு கேக்கப் போறான்?"

நான் ஜிப்பை மூடினேன்.

4

குமார பர்வதத்தின் அடிவாரத்தில் முதலில் காடு. நிழல் இருக்கிறது, ஆனால் செங்குத்தாக ஏறுகிறது, வேர்களில் கால் வைத்து ஏற வேண்டும். முதல் அரை மணி நேரம் எல்லாரோடும் பேசிக்கொண்டு நடந்தேன். அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் அவர்கள் பேச்சும் எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டது. தோளில் வார் அறுத்தது. முதுகை ஒட்டி மேலே இருக்க வேண்டிய பாரம் எனக்கு அடியில் கிடந்து பின்னால் இழுத்தது. மஞ்சுநாத் சொன்னது சரிதான் என்று ஒவ்வொரு வேருக்கும் ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்.

காடு முடிகிற இடத்தில்தான் அவன் சொன்ன வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவியாகிவிட்டது. தட்டைக் கையில் பிடிக்க முடியாமல் தரையில் வைத்துச் சாப்பிட்டேன். அங்கிருந்து மேலே மரமில்லாத புல்வெளி, நல்ல வெயில். மாலைக்குள் கல் மண்டபத்துக்குப் போய் இரவு தங்கி, காலையில் உச்சி என்பது திட்டம்.

மஞ்சுநாத் என் பக்கத்தில் வந்து குந்தினான். "ஆன்ட்டி, பேஜார் பண்ணிக்காதீங்க. இன்னிக்கு இங்கயே ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு இறங்கும்போது கூட்டிட்டுப் போறோம்."

மஞ்சுநாத் என் பையை ஓரமாக வைக்கத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். "இது ஏழு கிலோ இல்லியே."

பிரிசில்லா பையைத் திறந்தாள். லுங்கியை எடுத்தாள், தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், அடியில் ரெக்ஸின் பை.

"மா, என் டிகிரி சர்டிபிகேட் இதுலயா இருக்கு? அத மலைக்குத் தூக்கிட்டு வந்தியா?"

"வீட்டுல எப்படி விட்டுட்டு வர?"

அவளுக்கு முகம் சிவந்தது. கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. தன் முதுகுப் பையின் வாயை அவிழ்த்தாள். "குடு, நான் தூக்கறேன். இது எங்கிட்ட இருந்தா நீ ஏறுவ இல்ல?"

அவள் நன்றாகத்தான் கேட்டாள். கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பையை அவள் முதுகில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சாக்கடையில் கிடந்த காகிதமும், மூடியிருந்த ஜன்னலும், பத்து வருஷமாக நான் அரைத் தூக்கம் தூங்குவதும் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இன்னும் ஒரு மாதத்தில் தெரியாத தேசத்துக்குப் போகிற பிள்ளை. அவள் பையில் இது போகக் கூடாது.

பையை வாங்கி எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன். வீட்டுக்கார அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாளை வரும்வரை இது இங்கே இருக்கட்டுமா என்று என் ஓட்டைக் கன்னடத்தில் கேட்டேன்.

"ஏனிதெ இதரல்லி?" உள்ளே என்ன என்று கேட்டார்.

"காகிதம். எல்லாக் காகிதமும்."

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பையை வாங்கினார். சுவரில் ஒரு ஆணியில் மாட்டுக் கயிறு தொங்கியது. அதைத் தள்ளிவிட்டுப் பையை அதே ஆணியில் மாட்டினார். "இல்லி யாரூ முட்டல்ல" என்றார். இங்கே யாரும் தொட மாட்டார்கள். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. திரும்பிப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நான் வெளியே வந்து முதுகுப் பையை மாட்டி, இடுப்பு வாரை இறுக்கினேன். மஞ்சுநாத் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மெதுவா நடப்போம் ஆன்ட்டி, அவசரம் இல்ல" என்று எனக்கு முன்னால் நடந்தான்.

5

உச்சியைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் எழுத வரவில்லை. மேகம் காலுக்குக் கீழே இருந்தது. காற்றில் லுங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றேன். முருகன் மலை உச்சியில் நான் சத்தமில்லாமல் ஒரு கீர்த்தனை பாடினேன், அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில்தான்.

பிரிசில்லா வேர்க்கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை எனக்குத் தந்தாள். ராத்திரி மண்டபத்தில் நான் தூக்கத்தில் பையைத் தடவித் தேடியதைப் பார்த்தாளாம்.

"மா, ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு ஒண்ணுமே எடுக்காம ஓடி வந்துட்டேன், ஒண்ணுமே எடுக்கலன்னு நீ எப்பப் பாரு சொல்ற."

"ஆமா. ஒரு துண்டுக் காகிதம் எடுக்கலியே."

"என் கையப் புடிச்சிட்டுத்தான ஓடின? அவ்ளோ டைட்டா. ரெண்டு நாள் வலிச்சுது."

அவள் இதைத் தமிழில் சொன்னாள், முழுசாகத் தமிழில். நான் மிட்டாயைக் கடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தேன். பல்லில் ஒட்டிக்கொண்டது, அதனால் பதில் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

இறங்கும்போது என்னோடு நடக்க அவளும் மெதுவாகவே நடந்தாள். அமெரிக்காவில் சமைப்பது எப்படி என்று பேச்சு போனது. புளிக்காய்ச்சல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், வறுத்த மிளகாயை எப்போது போடுவது. அவள் மிளகாயைப் புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும் என்றாள். இருபத்து மூன்று வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவள் சொல்கிற பேச்சா இது? சண்டை போட்டுக்கொண்டே பாதி வழி வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்து, சண்டை போட்டுக்கொண்டே காட்டுக்குள் இறங்கினோம். முழங்கால் வலித்தது, ஆனால் தோள் வலிக்கவில்லை. நான் வேர்களில் கால் வைத்துத் துள்ளாத குறை.

சுப்ரமண்யா பஸ் ஸ்டாண்டு எதிரே ஓட்டலில் உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கால் வீங்கி ஷூ கடித்தது. செருப்பை மாற்றலாம் என்று முதுகுப் பையில் கைவிட்டேன். லுங்கி இருந்தது, பிலிம் டப்பாக்கள் இருந்தன, செருப்பு இல்லை. செருப்பு ரெக்ஸின் பையில் அல்லவா இருக்கிறது?

ரெக்ஸின் பை மலையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அதைச் சொன்னதும் மேசையில் எல்லாரும் பிரிசில்லாவைப் பார்த்தார்கள். பிரிசில்லாவின் சர்டிபிகேட் அதில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். மஞ்சுநாத் கழற்றி வைத்த ஷூவை மறுபடி மாட்டிக் கயிறு கட்டத் தொடங்கினான். "டார்ச் இருக்கு ஆன்ட்டி, நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"நீ உக்காரு. உனக்குத் தோசை வருது பாரு" என்றேன்.

"பேக் ஆன்ட்டி?"

"அங்கதான இருக்கு. யாரும் தொட மாட்டாங்க."

என் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. பசிதான் எடுத்தது. பிரிசில்லா என்னைப் பார்த்தாள். பிறகு, "நீங்க எல்லாரும் பஸ்ஸுல போங்க. நானும் அம்மாவும் ரூம் போட்டுத் தங்கிட்டு, நாளைக்குக் காலையில ஏறி எடுத்துட்டு வரோம். ஆபீஸ்ல லீவு சொல்லிடு" என்றாள் மஞ்சுநாத்திடம். புறப்படுவதற்குள் இன்னும் எத்தனை வேலை அவளுக்கு. அதையெல்லாம் விட்டு ஒரு நாளை எனக்குத் தந்தாள்.

சாப்பிட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். நாளைக்குத்தான் வருவோம் என்றேன். உச்சிக்கு ஏறினாயா என்று அவர் கேட்கவில்லை, முழங்கால் எப்படி என்றும் கேட்கவில்லை.

"பை பத்திரமா கீதா?" என்றார்.

"பத்திரமா இருக்கு."

"கையிலதான வச்சினுகீற?"

"இல்ல. மலையில மறந்து வச்சிட்டு வந்துட்டேன். நாளைக்கு எடுத்துக்கலாம்."

"மறந்துட்டியா? நீயா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி. சாப்ட்டு நல்லாத் தூங்கு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அறைக்குப் போனோம். பிரிசில்லா மிளகாயை எப்போது போடுவது என்று மறுபடி ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தூங்கிவிட்டேன்.